பிரஷர் வாஷர் விக்கறவங்க ட்ரம்மைப் பத்தி வாயைத் தொறக்க மாட்டேங்கறாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

வெயில் காலத்துல தண்ணி மிச்சம் பண்றது எப்படின்னு போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க, அதுல கார் கழுவறதுக்கு ஹோஸ் பைப்பைத் தொறந்து விடாம பிரஷர் வாஷர் (தண்ணியை நெருக்கி வேகமாப் பீச்சற மெஷின்) வாங்கிக்கோங்க, தண்ணி பாதியா கொறையும்னு ஒரு வரி. தப்பு ஒன்னும் இல்லைங்க, வரி கரெக்டுதான். ஆனா அந்த மெஷினுக்கு தண்ணியைக் குழாய்ல இருந்து குடுக்கறதா, ட்ரம்முல புடிச்சு வெச்சு குடுக்கறதான்னு அதுல ஒரு வார்த்தை இல்ல. எனக்கு மெஷின் வித்தவங்களும் சொல்லல, பெட்டிக்குள்ள இருந்த புக்குல பொடி எழுத்துல இங்கிலீசுல எங்கியோ ஒரு மூலையில கெடக்குது. அந்த ஒரு வார்த்தை தெரியாம நான் 6,500 ரூபா மெஷினை மூணாவது வாட்டியே காலி பண்ணிப்போட்டேன். அதான் எழுதறேன், நீளமாப் போச்சுன்னா நீங்களே வெட்டிக்கோங்க.

நான் கோயம்புத்தூர் கவுண்டம்பாளையம் பக்கம் ஒரு லைன் வீட்டுல வாடகைக்கு இருக்கறவன். சொந்தமா ஒரு கார் வெச்சு கால் டாக்ஸி ஓட்டறேன். எனக்கெல்லாம் வண்டி பளிச்சுன்னு இருக்கறது அழகுக்கு இல்லைங்க, சோறு. ஏர்போர்ட்ல ஏத்தற கஸ்டமர் கதவுல சேத்தைப் பாத்தா முகம் சுளிக்கறாங்க, எறங்கி ரெண்டு ஸ்டாரை அமுக்கிட்டுப் போயிடறாங்க. வாட்டர் சர்வீசுக்கு விட்டா ஒரு தடவைக்கு 500 ரூபா, மழைக்காலத்துல மேட்டுப்பாளையம் ரோட்டுல ரெண்டு சவாரி போயிட்டு வந்தா மறுபடி சக்கரத்துக்குள்ள எல்லாம் மண்ணு அப்பிக்குது. மாசம் மூணு வாட்டின்னாலும் 1,500. அந்தக் கணக்குலதான் மெஷின் வாங்குனது, அஞ்சு மாசத்துல காசு திரும்பிரும்னு மனசுக்குள்ள ஒரு நெனப்பு.

எங்க ஏரியாவுல தண்ணி ரெண்டு வகைங்க, கோவைக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. நல்ல தண்ணி ஒன்னு, உப்புத் தண்ணி ஒன்னு. நல்ல தண்ணி பல நாளைக்கு ஒருக்கா வரும், வர்ற அன்னிக்கு எல்லா வீட்டுக் குடமும் வரிசையில நிக்கும். உப்புத் தண்ணின்னா போர் தண்ணி, மேல சின்டெக்ஸுக்கு ஏத்தி குழாய்ல வரும். வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிட்டாங்க, "தம்பி, வண்டியெல்லாம் கழுவறதுன்னா உப்புத் தண்ணிதான், அதுவும் ட்ரம்முல புடிச்சு வெச்சு கழுவிக்கோங்க, பைப்பு சொருகி டேங்கைக் காலி பண்ணுனீங்கன்னா மத்த வீட்டுக்காரங்க என்னைத்தான் கேப்பாங்க"ன்னு. நியாயமான பேச்சுதானுங்க. ஆறு வீட்டுக்கு ஒரே டேங்கு.

மெஷின் பெட்டி மேல போட்டிருக்கற படத்தைப் பாருங்க. பச்சைப் புல்லு, வெள்ளை வீடு, செவுத்துல ஒரு குழாய், அதுல மஞ்சள் ஹோஸ் போயி நேரா மெஷின்ல. அந்த ஊருகள்ல செவுத்துக் குழாயத் தொறந்தா ரெண்டு பார் மூணு பார் (பார்ங்கறது பிரஷரோட அளவு) பிரஷர்ல தண்ணி பீச்சிக்கிட்டு வருது, மெஷினோட வேலை வந்த தண்ணியை இன்னும் நெருக்கி நூறு பாருக்கு மேல ஏத்தி விடறது மட்டும்தான். இங்க நம்ம கதை வேற. 10 மீட்டர் உயரத்துல தண்ணி இருந்தாதான் கீழ 1 பார். நம்ம மொட்டை மாடி டேங்கு 12 அடி, அதாவது அரை பாருக்கும் கீழ, அவ்வளவுதான். அதுலயும் அரை இஞ்ச் பைப்பு, நாலு எல்போ, உள்ள உப்பு படிஞ்சு பாதி அடைச்சது. குழாயத் தொறந்தா தண்ணி வரும், ஆனா மெஷின் கேக்கற வேகத்துல வராது.

இது தெரியாம நான் என்ன பண்ணுனேன்னா, பக்கெட்டுல தண்ணி ரொப்பி மெஷினுக்கு வந்த ஹோசோட முனையை உள்ள போட்டு சுவிட்சைத் தட்டினேன். நான் பாத்த வீடியோவுல பக்கெட்டுல இருந்து உறிஞ்சற மாதிரிதான் காட்டுனாங்க. முதல் நாள் கொஞ்ச நேரம் கத்திப்போட்டு அப்புறம் எப்படியோ தண்ணி வந்துச்சு, விட்டு விட்டு, தும்மற மாதிரி. ரெண்டாவது வாட்டி இன்னும் கத்துச்சு. உள்ள கூழாங்கல்லு போட்டு ஆட்டற மாதிரி கடகடன்னு ஒரு சத்தம், கையில புடிச்சிருக்கற, தண்ணி பீச்சற கன்னே உதறுது. நான் புது மெஷினு, செட்டாக நாளாகும்னு நெனச்சுக்கிட்டேன். ஹோஸ் வேற பூப்பந்தாட்டம் மெத்துன்னு, மெஷின் இழுக்கற இழுப்புல ஜூஸ் கடை ஸ்ட்ரா மாதிரி நடுவுல ஒட்டிக்குது, அதையும் நான் கவனிக்கல. மூணாவது வாட்டி ஒரு பத்து நிமிஷம் ஓடுச்சு, கீழ இருந்து தண்ணி சொட்ட ஆரம்பிச்சது, பிரஷரே இல்ல, சாதா குழாய் மாதிரி ஊத்துது. சர்வீஸ்ல குடுத்தா பிரிச்சுப் பாத்துட்டு, "தண்ணி இல்லாம ஓட்டியிருக்கீங்க சார், உள்ள தண்ணி கசியாம அடைக்கற ரப்பர் சீல் எல்லாம் வெந்து போச்சு, இதுக்கு வாரண்டி வராது"ன்னாங்க. 2,200 ரூபா. நான் பக்கெட்டு நெறைய தண்ணி வெச்சு ஓட்டுனேங்கன்னு சொன்னா அந்தப் பையன் சிரிக்கறான்.

ரிப்பேர் ஆகி வந்த அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அன்னூர்ல இருந்து எங்க பெரியப்பா மகன் அண்ணன் ஒரு விசேஷத்துக்கு பத்திரிக்கை வெக்க வந்திருந்தாரு. தோட்டம் தொரவுன்னு இருக்கறவரு, மெஷின் கிஷினெல்லாம் கையில தொட்டதில்ல. நான் ஆன் பண்ணுனதும் டீ கிளாசைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டாரு.

"ஏன்டா சாமி, நிறுத்து நிறுத்து. இதென்ன இப்படிக் கத்துது? காத்தைக் குடிக்குதுடா அது."

"ஏனுங்கண்ணா, பக்கெட்டு ரொம்ப தண்ணி இருக்குதுங்களே."

"பக்கெட்டுல இருந்தா ஆச்சா, பம்புக்குள்ள இருக்கோணுமல்ல. அப்பாரு கிணத்து மோட்டாருக்கு சொம்புல தண்ணி ஊத்துனதை நீ பாத்ததே இல்லியா?"

பாத்திருக்கேன். சின்ன வயசுல எத்தனை வாட்டி அந்த சொம்பை நானே எடுத்துக் குடுத்திருக்கேன். மோட்டார் தலையில ஒரு மூடி இருக்கும், அதைத் தெறந்து தண்ணி ஊத்தி ஊத்தி, குமிழி வர்றது நின்னு தண்ணி விளிம்புல தளும்பற வரைக்கும் ஊத்தி மூடிட்டுதான் ஸ்டார்ட்டரை அமுக்குவாங்க. பைப்போட அடியில ஃபுட் வால்வு இருக்கும், ஊத்துன தண்ணி திரும்ப கிணத்துக்குள்ள இறங்காம புடிச்சுக்கும். ஃபுட் வால்வுல ஒரு குச்சி மாட்டுனாக்கூட அன்னிக்குப் பூரா ஏர் புடிச்சு உயிரை வாங்கும். கிணத்துல மோட்டாரை ஏன் மேல வெக்காம உள்ள படி இறங்கி மேடை கட்டி வெக்கறாங்கன்னா, 25 அடிக்கு மேல எந்த மோட்டாரும் உறிஞ்சி எடுக்காது, தள்ளச் சொன்னா எவ்வளவு உயரத்துக்கு வேணாலும் தள்ளும், இழுக்கச் சொன்னா நொண்டும். இது எங்க வீட்டுல ஆடு மேய்க்கற பையனுக்குக்கூடத் தெரிஞ்ச விசயம். 1937லயே நாட்டுல முதல் மின் மோட்டாரைச் செஞ்ச ஊருன்னு பேரு வாங்குன கோயம்புத்தூர்ல பொறந்துட்டு, பிளாஸ்டிக் பாடிக்கு சக்கரம் வெச்சு பளபளன்னு குடுத்ததும் அதுவும் ஒரு பம்புதான்ங்கறதே எனக்கு மறந்து போச்சுங்க.

கிணத்து மோட்டாருக்காவது 25 அடி. இந்தச் சின்ன மெஷினுக்கு அரை மீட்டர், மிஞ்சிப்போனா ஒரு மீட்டர், அதுக்கு மேல இழுக்கற தெம்பு கெடையாது. சில மாடலுக்கு அதுவுங்கூட இல்ல, பிரஷரோட தண்ணி வந்தாத்தான் வேலை செய்யும், அதனால வாங்கறப்பவே "தானா தண்ணி உறிஞ்சுமா"ன்னு கேட்டு வாங்கோணும். உள்ள இருக்கறது வெரல் தண்டி மூணு பிஸ்டன். தண்ணியை நெருக்கறதுக்குச் செஞ்சது, காத்தை வெளிய தள்ளறதுக்குச் செஞ்சதில்ல. காத்து உள்ள மாட்டிக்கிச்சுன்னா பிஸ்டன் முன்ன போறப்ப காத்து சுருங்கும், பின்ன வர்றப்ப விரியும், அதே எடத்துல நின்னு சுருங்கி விரிஞ்சுக்கிட்டே கெடக்கும், தண்ணி உள்ள நுழையவே முடியாது. கன்னோட விசையை அமுக்காம மெஷினை ஆன் பண்ணுனா காத்துக்கு வெளிய போகவும் வழியில்ல. நான் அதைத்தான் பண்ணிட்டு இருந்திருக்கேன். தண்ணி பத்தாமப் போறப்ப வர்ற அந்தக் கடகட சத்தம், உள்ள குட்டிக் குட்டியா நீராவிக் குமிழு உண்டாகி ஒடையற சத்தமாம், ஒவ்வொரு குமிழும் ஒடையறப்ப உலோகத்தையே கொத்தி எடுக்கும்னு சர்வீஸ்காரப் பையன் அப்புறமா சொன்னான். சீலுக்கு குளுமையும் வழவழப்பும் குடுக்கறதே உள்ள ஓடற தண்ணிதான். அது இல்லாம ஓட்டறது எண்ணெய் ஊத்தாம என்ஜினை ஓட்டற மாதிரி.

இப்ப நான் எப்படிப் பண்றேன்னு சொல்றேனுங்க. 200 லிட்டர் நீல ட்ரம் ஒன்னு பழசு வாங்குனேன், வாங்கறப்ப என்ன இருந்த ட்ரம்முன்னு கேட்டு, ஆசிடு கீசிடு இருந்ததை விட்டுட்டு ஜூஸ் கம்பெனி ட்ரம்மாப் பாத்து எடுத்தேன். அடியில இருந்து ரெண்டு இஞ்ச் விட்டு ஒரு ஓட்டை, அதுல பைப்பு மாட்டறதுக்கு முக்கால் இஞ்ச் டேங்க் நிப்பிள், அதுக்கு தொறந்து மூட ஒரு பால் வால்வு. ரெண்டு இஞ்ச் எதுக்குன்னா மண்ணும் உப்புக் கசடும் அடியில தங்கும், அது மெஷினுக்குள்ள போகக்கூடாது. ட்ரம்மை ஹாலோ பிளாக் அடுக்கி ரெண்டடி உயரத்துல வெச்சாச்சு, மெஷின் தரையில. இப்ப மெஷின் இழுக்கவே வேண்டியதில்ல, தண்ணி அதுவா இறங்கி வந்து வாசல்ல நிக்குது. ட்ரம்முக்கும் மெஷினுக்கும் நடுவுல நூல் பின்னுன முக்கால் இஞ்ச் ஹோஸ், ரெண்டு மீட்டருக்கு மேல இல்ல, ரெண்டு முனையிலயும் கிளிப்பு போட்டு ஸ்குரூ டிரைவர்ல முறுக்குனது, மரைக்கெல்லாம் டெஃப்லான் டேப்பு சுத்துனது. இதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. பிரஷர்ல தண்ணி போற பைப்புல லீக்கு இருந்தா தண்ணி வெளிய சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சற பைப்புல லீக்கு இருந்தா சொட்டவே சொட்டாது, காத்தை உள்ள இழுத்துக்கும், பாத்தா பைப்பு காஞ்சு நல்லா இருக்கும், மெஷின் மட்டும் தும்மிக்கிட்டே இருக்கும். எனக்கு ஒரு வாரம் போச்சு அதைக் கண்டுபுடிக்க, கடைசியில பாத்தா மெஷின் வாய்ல இருக்கற ரப்பர் ரிங்கு கிழிஞ்சிருந்தது, பத்து ரூபா.

அண்ணன் சொல்லிக் குடுத்த இன்னொரு வேலை, மெஷின்ல மாட்டறதுக்கு முன்னாடி ஒரு பக்கெட்டு வெச்சு அளந்து பாக்கறது. மெஷின் லேபிள்ல மணிக்கு இத்தனை லிட்டர்னு போட்டிருக்கும், என்னுது 360, அப்படின்னா நிமிஷத்துக்கு 6 லிட்டர். ஹோஸ் முனையை 10 லிட்டர் பக்கெட்டுல விட்டு செல்லுல டைம் பாத்தேன். மாடி டேங்குக் குழாய்ல ரொம்பறதுக்கு ரெண்டரை நிமிஷம், அதாவது நிமிஷத்துக்கு 4 லிட்டர். மெஷின் கேக்கறது 6, வர்றது 4, மீதி ரெண்டுக்கு காத்தைத்தானே குடிக்கும்? அதே ட்ரம்முல முக்கால் இஞ்சுல விட்டா 45 செகண்டு. நிமிஷத்துக்கு 13 லிட்டர், கேக்கறதுக்கு ரெண்டு மடங்கு. இந்த ஒரு அளவை எடுத்துப் பாத்துட்டீங்கன்னா பாதிப் பிரச்சினை அங்கியே முடிஞ்சுது.

ஸ்டார்ட் பண்றதுக்கும் ஒரு முறை இருக்குதுங்க. முதல்ல வால்வைத் தொறந்து விட்டு, கன்னோட முனையில இருக்கற குழலைக் கழட்டிட்டு, சுவிட்சைப் போடாம விசையை மட்டும் அமுக்கிப் புடிக்கறேன். புஸ் புஸ்னு காத்து வந்து, அப்புறம் தண்ணி ஒழுக ஆரம்பிக்கும். குமிழி இல்லாம ஒரே கோடா ஒழுகறப்பத்தான் சுவிட்சு, அதுவும் விசையை விடாம. சத்தம் சீரானதும் நிறுத்தி குழலை மாட்டிக்கறது. மொத்தமே ஒரு நிமிஷ வேலை. ட்ரம்முல தண்ணி அடிக்கு வந்து கடைசி முப்பது லிட்டர் ஆகறப்ப சத்தம் மாறும், அந்த சத்தத்தைக் கேட்டதும் நிறுத்திப்போடோணும். ட்ரம்முல ஓட்டை போட முடியாதவங்க, மேல இருந்து ஹோசை விட்டு உறிஞ்சறதுன்னா, முனையில ஜாலி (சல்லடை வலை) வெச்ச ஒரு சின்ன ஃபுட் வால்வு மாட்டி, மொத்த ஹோசையும் பாம்பு மாதிரி ட்ரம்முக்குள்ள முக்கி, காத்துப் பூரா வெளிய போனப்பறம் தண்ணிக்குள்ளயே முனையைப் பெருவெரல்ல அடைச்சு வெளிய எடுத்து மெஷின்ல மாட்டுங்க. கொஞ்சம் பழகோணும், மேலெல்லாம் நனையும், ஆனா வேலை செய்யும். வெறும் 20 லிட்டர் பக்கெட்டை மட்டும் நம்பாதீங்க, மூணே நிமிஷத்துல காலி, நீங்க டயர்ல மும்முரமா இருப்பீங்க, அது பின்னாடி காத்தை இழுத்துக்கிட்டு இருக்கும்.

வெயிலுக்கும் ட்ரம்முக்கும் ஆகாதுங்க. இந்த மெஷினுகளுக்கு உள்ள போற தண்ணி 40 டிகிரிக்கு மேல சூடா இருக்கக்கூடாதுன்னு புக்குல போட்டிருக்கு. ஏப்ரல் மே மாசத்துல மத்தியானம் மொட்டை மாடி கருப்பு டேங்குத் தண்ணியில கை வெச்சுப் பாத்திருக்கீங்களா, கையைச் சுடும். அதனால நான் விடியக்காலம் ஆறு மணிக்கே கழுவிடறது, ட்ரம்மும் முருங்க மரத்து நெழல்ல. நெழல்ல வெக்கலைன்னா பாசி வேற புடிக்கும், அந்தப் பச்சை நூலு போயி மெஷின் வாய்ல இருக்கற ஜாலியை அடைச்சுக்கும். மூடி கட்டாயம் போடோணும், இல்லைன்னா பழைய வேட்டித் துணியை ரெட்டையா மடிச்சு கயித்துல கட்டிடோணும். மாநகராட்சியில இருந்து கொசுப்புழு பாக்க வர்றவங்க மொதல்ல எட்டிப் பாக்கறதே ட்ரம்மைத்தான், டெங்கு கொசு தேங்குன சுத்தமான தண்ணியிலதான் முட்டை வெக்கும், அவங்க கேக்கறதுல தப்பே இல்ல.

உப்புத் தண்ணியில கழுவுனா காஞ்சதும் வெள்ளைப் புள்ளி விழும். அதுக்கு எங்க வீட்டுல சண்டை போட்டு பத்து லிட்டர் நல்ல தண்ணி வாங்கி வெச்சுக்கறேன். கழுவி முடிச்சதும் அஞ்சு லிட்டர்ல துணி நனைச்சு மேலோட்டமா ஒரு தொடை. மீதி அஞ்சு லிட்டர் மெஷினுக்கு, உள்ள இருக்கற உப்பை அலசி விடறதுக்கு, இல்லைன்னா உப்பு காஞ்சு வால்வு ஒட்டிக்கும். என் சம்சாரம் கேக்கறாங்க, "மனுசன் குடிக்கற தண்ணியை மெஷினுக்கு ஊத்தறீங்களே"ன்னு. பதில் இல்லைங்க எங்கிட்ட.

கரண்டு விசயத்துல ஒன்னே ஒன்னு. 1,500 வாட்ஸ் 1,800 வாட்ஸ் மெஷினு, ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும், செல்லு சார்ஜ் போடற சின்ன பிளக்குல மாட்டி மெல்லிசு ஒயர் ஜங்ஷன் பாக்சை ஈரத் தரையில போட்டு வேலை பாக்காதீங்க. பெரிய பிளக்கு, எர்த்து இருக்குதான்னு எலக்ட்ரீசியனை வெச்சுப் பாருங்க, ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா உடனே ஆஃப் ஆகற சுவிட்சு) இல்லாத வீட்டுல மெஷினையே எடுக்காதீங்க, கால்ல செருப்பு. தண்ணியும் கரண்டும் சேர்ற எடத்துல எங்க லைன்ல ஒருத்தருக்கு ஆன கதை வேற, அது இங்க வேண்டாம்.

இப்ப நான் எழுத வந்த முக்கியமான சமாச்சாரத்துக்கு வர்றேன். எல்லாரும் என்னை மாதிரி மெஷினைக் கெடுத்துட்டு ட்ரம்முக்கு வர்றதில்லைங்க. குழாய்ல பிரஷர் பத்தலைன்னதும் சில பேரு என்ன பண்றாங்கன்னா, நல்ல தண்ணி வர்ற அன்னிக்கு ரோட்டு லைன்ல இருந்து வர்ற பைப்புலயே நேரா மெஷினை மாட்டிடறாங்க. அதுலதான் வேகமா வருது, வண்டியும் புள்ளி விழாமப் பளிச்சுன்னு ஆகுதுன்னு. எங்க தெருவிலயே நாலு வீடு தள்ளி ஒருத்தரு அப்படித்தான் பண்ணிக்கிட்டு இருந்தாரு, அன்னிக்கு எங்க வீட்டுப் பைப்புல தண்ணி நூலாட்டம் வந்துச்சு, பொம்பளைங்க எல்லாம் குடத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. சிறுவாணியில இருந்தும் பில்லூர்ல இருந்தும் மலை இறங்கி வர்ற தண்ணிங்க அது. மெஷின் கம்பெனிக்காரங்களே புக்குல எழுதியிருக்காங்க, குடிதண்ணி லைன்ல மாட்டறதுன்னா நடுவுல தண்ணி திரும்பிப் போகாம தடுக்கற ஒரு சாதனம் போட்டாத்தான் மாட்டோணும்னு. ஏன்னா லைன்ல தண்ணி திடீர்னு நின்னா பைப்புக்குள்ள வெற்றிடம் உண்டாகி பின்னாடி இழுக்கும், மெஷின்ல இருக்கற ஷாம்பு தண்ணி லைனுக்குள்ள போகும், பக்கத்து வீட்டுக் குடத்துல வந்து விழும். நமக்கு தண்ணி விட்டு விட்டு வர்ற லைனு, அது நிக்கறது எப்பவாவது இல்ல, வர்ற ஒவ்வொரு தடவையும் நடக்கற சங்கதி. அந்த சாதனத்தை எங்க ஏரியாவுல யாரும் மாட்டி நான் பாக்கல.

பெங்களூர்ல 2024 மார்ச்சுல தண்ணிப் பஞ்சம் வந்தப்ப குடிதண்ணியில வண்டி கழுவுனா 5,000 ரூபா அபராதம்னு போட்டாங்க, 22 வீட்டுக்கு போட்டு வசூலும் பண்ணுனாங்க. 2019ல சென்னை ஏரியெல்லாம் காஞ்சு கெடந்ததை நாம டிவியில பாத்தோம். நமக்கும் அப்படி ஒரு வருசம் வராதுன்னு எழுதிக் குடுக்க ஆள் இருக்குதுங்களா? அபராதம் போடுங்கன்னு நான் கேக்கலைங்க. வண்டி கழுவித்தான் ஆகணும்ங்கற எங்களை மாதிரி ஆளுக்கு வேற வழியைக் காட்டிட்டுப் போடுங்கன்னு கேக்கறேன். உக்கடத்துல ஒரு நாளைக்கு 7 கோடி லிட்டர் கழிவுத் தண்ணியை சுத்தம் பண்ற அளவுக்கு பிளான்ட் கட்டி வெச்சிருக்காங்க, அதுல ஒரு பங்கை இன்னும் நல்லா வடிகட்டி வாட்டர் சர்வீஸ் கடைகளுக்கு லாரியில குடுத்தா போர் போட்டு உறிஞ்சறதாவது கொறையும்.

மிச்சம் பண்ற கணக்கையும் சொல்லிடறேன், ஏன்னா உங்க பெட்டிச் செய்தியில பாதின்னு போட்டிருந்தீங்க. ட்ரம்மோட வெளிப்பக்கம் 20 லிட்டருக்கு ஒரு கோடு மார்க்கர்ல போட்டு வெச்சிருக்கேன். என் வண்டி சின்ன செடான், சேறு இல்லாத நாள்ல 60 லிட்டர், மேட்டுப்பாளையம் சவாரி போயிட்டு வந்த நாள்ல 90. ஹோஸ் பைப்புல விட்டப்ப எவ்வளவு போச்சுன்னு அளந்ததில்ல, ஆனா அரை மணி நேரம் ஓடும், நிமிஷத்துக்கு 4 லிட்டர்னு வெச்சாலே 120. உங்க பாதிங்கறது கிட்டத்தட்ட சரிதான். ஆனா ஒரு உண்மையைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்க அப்பா அம்பாசடர் ஓட்டுனப்ப ரெண்டு பக்கெட்டு, ஒரு மக்கு, ஒரு பழைய பனியன், 30 லிட்டர்ல கண்ணாடி மாதிரி தொடைச்சிருவாரு. அதை எந்த மெஷினும் ஜெயிக்க முடியாது. மெஷின் எங்க உதவுதுன்னா சக்கர வளைவுக்குள்ள, வண்டிக்கு அடியில, கை நுழையாத எடத்துல அப்புன மண்ணுக்குத்தான். இப்பெல்லாம் நான் சேறு இல்லாத நாள்ல பக்கெட்டுதான், மழை நாள்ல மட்டும் மெஷினு. மெஷின் காசு அஞ்சு மாசத்துல திரும்பும்னு போட்ட கணக்கு ரிப்பேரு, ட்ரம், ஹோஸ் எல்லாம் சேத்து ஏழு மாசம் ஆச்சு.

விக்கறவங்களுக்கு நான் கேக்கறது ரொம்பப் பெருசில்ல. ரெண்டு மீட்டர் நல்ல ஹோஸ், ஜாலி வெச்ச ஒரு ஃபுட் வால்வு, ரெண்டு கிளிப்பு, எல்லாம் சேத்து நான் காந்திபுரத்துல 450 ரூபாய்க்கு வாங்குனேன். அதைப் பெட்டிக்குள்ள போட்டு, தண்ணி எப்படி நெரப்பறது, காத்தை எப்படி எடுக்கறதுன்னு தமிழ்ல ஒரு பக்கம் அச்சடிச்சு வெச்சாங்கன்னா போதும். புல்லுத்தரை படத்துக்குப் பதிலா ஒரு நீல ட்ரம் படம் போட்டாங்கன்னா இன்னும் புண்ணியம். நம்மூருல அதை வாங்கறவன் வீட்டுல என்ன இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? நீங்களும் இந்த ட்ரம் விசயத்தை உங்க வீட்டுக் குறிப்பு பக்கத்துல ஒரு வாட்டி போட்டீங்கன்னா நல்லா இருக்கும்.

நாலு வீடு தள்ளி இருக்கறவரும் இப்ப ட்ரம்முக்கு வந்துட்டாரு. சண்டை போட்டு இல்லைங்க, அவரு மெஷினும் லைன்ல தண்ணி நின்னது தெரியாம ஓடி அதே மாதிரி சீல் போயிருச்சு, எங்கிட்டதான் வந்து கேட்டாரு. அண்ணன் சொன்ன சொம்புக் கதையை அவருக்கு நான் சொன்னேன்.

இப்படிக்கு,
ஒரு கால் டாக்ஸி டிரைவர்,
கவுண்டம்பாளையம், கோயம்புத்தூர்.

பி.கு: ட்ரம்முல ஓட்டை போடறப்ப கம்பியைக் காய்ச்சிக் குத்தாதீங்க, ஓட்டை கோணலாப் போயி நிப்பிளோட ரப்பர் வாசர் உக்காராது. பிளம்பர்கிட்ட வட்டமா வெட்டற பிட்டு இருக்கும், டீக்கு காசு குடுத்தா ரெண்டு நிமிஷத்துல போட்டுக் குடுத்துருவாரு.